திரிபும் அவாவும்: பாலின அடையாளம், ஈர்ப்பு குறித்த தமிழ்ச் சொற்களும் திணை மரபும்

ஆய்வுச் சுருக்கம்

பாலின அடையாளம், பாலீர்ப்பு, காதல் ஈர்ப்பு ஆகியவை வெவ்வேறு கருத்துகள். எனினும் தமிழ் எழுத்துலகில் அவை பெரிதும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிய உதவும் இன்றைய சொற்களை விளக்குவதும், அவற்றைத் தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் திணை, பால் விதிகளோடு இணைத்து நோக்குவதும், வினைமுடிபு மதிப்பின் அளவுகோலாகும் நிலையை வடசென்னைப் பேச்சுவழக்கின் வழி காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: திணை, பால், பேடி, திருநர், தன்பாலீர்ப்பு, ஊடுபால், உயர்சொல்.

முன்னுரை

மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் தம் காதலைக் குடும்பத்தார் எதிர்த்தமையால் சென்னைக்கு வந்து, காவல்துறையின் தொல்லையிலிருந்து காப்பு வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். அவ்வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 சூன் 7 அன்று பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை ‘மாற்றும்’ மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தது. இவ்விருவரையும் இவர்களைப் போன்றோரையும் எச்சொல்லால் குறிப்பது என்ற வினாவும் அதே வழக்கில் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, பால்புதுமையர் தொடர்பான சொற்களின் தொகுப்பை அரசிதழில் வெளியிட்டது. சொற்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன, அவற்றின் பொருளெல்லையை வரையறுப்பது தமிழாய்வாளர் கடமையாகிறது.

கருத்துகளின் வேறுபாடு

உடற்கூற்றைக் கண்டு பிறப்பின்போது பதியப்படுவது பால். தம்மை ஆணெனவோ பெண்ணெனவோ இரண்டிலும் அடங்காதவரெனவோ ஒருவர் உள்ளத்தால் உணர்வது பாலின அடையாளம். உடை, நடை, பேச்சு ஆகியவற்றால் புலப்படுவது பாலின வெளிப்பாடு. யார்மீது உடல்சார்ந்த விழைவு எழுகிறது என்பது பாலீர்ப்பு. யார்மீது காதலுணர்வு எழுகிறது என்பது காதல் ஈர்ப்பு.

இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முடிவுசெய்ய இயலாது. திருநங்கை என்பது பாலின அடையாளத்தைக் குறிக்கும் சொல். திருநங்கை ஒருவர் ஆண்களையோ பெண்களையோ விரும்பலாம், இருபாலாரையும் விரும்பலாம், எவரையும் விரும்பாமலும் இருக்கலாம். உடல்சார்ந்த விழைவு இல்லாத அல்பாலீர்ப்பினர் ஆழ்ந்த காதலுணர்வு உடையோராக இருத்தலும் உண்டு. ‘காமம்’ என்னும் சொல் பழைய வழக்கில் காதலையும் விழைவையும் ஒருங்கே தழுவி நின்றமையால், இவ்விறுதி வேறுபாட்டிற்குப் புதிய சொற்கள் இன்றியமையாதன ஆகின்றன.

ஊடுபால் இவை அனைத்தினும் வேறானது. பிறப்பிலேயே அமையும் உடற்கூற்று நிலை அது. ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை மருத்துவம் செய்வதைத் தடுக்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் பணித்தது. அவ்வாண்டே உயிருக்கு ஆபத்தான சூழல்கள் நீங்கலாகத் தடை விதித்து அரசாணை வெளிவந்தது. ஊடுபாலையும் திருநரையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை, தம் உடல்மீது முடிவெடுக்க இயலாத குழந்தையைப் பாதிக்கும் என்பது இதனால் விளங்கும்.

இலக்கண நூல்களின் நோக்கு

தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைக்கிறது. இவ்விருவகைப் பெயர்களுக்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே அவை ஏற்கும் என்பது விதி. அவ்வியலின் மற்றொரு நூற்பா, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் முடிபை ஏலாது என்கிறது. பெண்பால் முடிபும் பலர்பால் முடிபும் பொருந்துமென உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். ‘திரிந்த’ என்னும் அடைமொழி ஆண்மையை இயல்பாகவும் பிறவற்றை அதன் விலகலாகவும் கருதுகிறது என்பது உண்மையே. ஆயினும் திணை நிலையில் தொல்காப்பியருக்கு ஐயமில்லை, அவர்கள் மக்கள்.

நன்னூலார் வேறொரு சொல்லை ஆள்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறார். இங்கு ‘அவா’ என்பதைப் பிறர்மீது கொள்ளும் ஈர்ப்பாகக் கருதாது, தாம் எய்த விரும்பும் தன்மையாகக் கொள்வதே பொருந்தும். இவ்வகையில் பாலைத் துணிவதற்கு ஒருவரின் விருப்பம் சான்றாகிறது. பெண்மையிலிருந்து ஆண்மையை நோக்குவோருக்கும் இலக்கணத்தில் இடம் கிடைக்கிறது. இன்று திருநம்பி எனப்படுவோரை எண்ணுகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் அதே நூற்பா இவ்விருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படலாம் என இடமளிக்கிறது. தொல்காப்பியர் மூடிய கதவு ஒன்று நன்னூலில் திறக்கிறது எனலாம்.

அகத்திணை இலக்கணமோ தலைவன், தலைவி என்னும் இணையின்மேல் எழுந்தது; தன்பாலீர்ப்புக்கு அதில் இடம் வகுக்கப்படவில்லை. பேடி பற்றிய விதிகளைத் தன்பாலீர்ப்புக்குச் சான்றாகக் காட்டுவது, மேற்சொன்ன வேறுபாட்டை மீண்டும் குழப்புவதாகும்.

சேர்க்கையும் ஈர்ப்பும்

நாளிதழ்களில் நெடுங்காலம் வழங்கிய ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல்லின் தலைமைப் பகுதி ‘சேர்க்கை’. அது செயலைக் குறிக்கிறது. செயலைக் குற்றமாக்கிய சட்டத்தின் பார்வையும் அதுவே. வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவைக் குற்றமெனக் கொண்ட பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. ‘தன்பாலீர்ப்பு’ மனிதரின் உள்ளத்தைக் குறிக்கிறது. எச்செயலிலும் ஈடுபடாத ஒருவரும் தன்பாலீர்ப்பினராக இருக்கலாம் என்பதை முன்னைய சொல்லால் கூற இயலாது.

‘மூன்றாம் பாலினம்’ என்பதும் திருநர் அனைவருக்கும் பொதுப்பெயர் ஆகாது. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, திருநர் ஒருவர் தம்மை ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றுள் ஒன்றாக அடையாளப்படுத்திக்கொள்ள உரிமை பெற்றவர். தேர்வு அவருடையது.

வடசென்னை வழக்கு தரும் சான்று

புளியந்தோப்பு, வியாசர்பாடி, இராயபுரம் முதலிய தொழிலாளர் பகுதிகளின் பேச்சில் மூன்று முடிபுகளைக் கேட்கலாம்: ‘அவ வந்தா’, ‘அவங்க வந்தாங்க’, ‘அது வந்துச்சு’. குழந்தையையும் இல்லத்து நெருங்கிய உறவினரையும் ‘அது’ என்பது அன்பின் வழக்கு. அங்குத் திணை இறங்கினும் மதிப்பு இறங்குவதில்லை. முன்பின் அறியாத திருநங்கையை ‘அது’ என்கையில் திணையோடு மதிப்பும் இறங்குகிறது. ‘ஒம்போது’ என எண்ணால் இழித்துரைப்பதும் இவ்வகையினதே. பெயரையும் பாலையும் மறுத்து, மக்களைப் பொருளாக்கும் வழக்கு இது.

இதற்கு மாற்றும் அதே தெருவில் உண்டு. ‘அக்கா’ என்னும் விளியும் ‘அவங்க’ என்னும் சுட்டும் திருநங்கையருக்கு இயல்பாக வழங்குகின்றன. ‘அவங்க’ என்பது ‘அவர்கள்’ என்பதன் திரிபு. பலர்பால் வடிவம் ஒருமைக்கு உயர்சொல்லாய் நிற்பது. ஆண், பெண் வேறுபாடு காட்டாத உயர்திணைச் சுட்டு அது. ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடங்காதோரைக் குறிக்கப் புதிய சுட்டுப்பெயரைத் தமிழ் தேட வேண்டியதில்லை. ‘அவர் வந்தார்’ போதுமானது. தம்மைப் பெண்ணாக அடையாளப்படுத்துவோரை அவர் விரும்பினால் ‘அவள்’ எனலும் தகும். அது நன்னூலார் கூறிய அவாவுக்கு உட்பட்டது.

முடிவுரை

சொற்களைத் தேர்வதற்கு மூன்று நெறிகள் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. உடல், அடையாளம், ஈர்ப்பு ஆகியவற்றுள் எதனைக் குறிக்கிறது என்பதில் ஒரு சொல் தெளிவாக இருத்தல் வேண்டும். செயலைக் குறிக்கும் சொல்லை மனிதருக்குப் பெயராக்குதல் கூடாது. பெயர் எதுவாயினும் முடிபு உயர்திணையில் அமைதல் வேண்டும். வீட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்திலும் காவல் நிலையப் பதிவிலும் மருத்துவக் குறிப்பிலும் ஒருவர் ‘அது’ ஆகிறாரா, ‘அவர்’ ஆகிறாரா என்பதைப் பொறுத்தே அவர் நடத்தப்படும் முறையும் அமைகிறது. அத்துணிவுக்குரிய விதியைத் தமிழிலக்கணம் தன் தொன்மையான நூலிலேயே வகுத்து வைத்திருக்கிறது.