வழக்கறிஞர் படியேறுமுன்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் மக்கள் கலையும் வேளையில், நம்மை ஒருபுறமாக அழைத்து, "நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் வினவுவோர் வடசென்னைப் பங்குகளில் எப்போதும் உண்டு. ஒரு வீட்டில் மகனைக் காவலர் இரவில் அழைத்துச் சென்றிருப்பர். இன்னொரு வீட்டில் துறைமுகத்து ஒப்பந்த வேலை காரணமின்றிப் பறிபோயிருக்கும். நாமும் நமக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எவரைப் பார்ப்பது என்பதைச் சொல்கிறோமேயன்றி, என்ன கொண்டு செல்வது என்பதைச் சொல்வதில்லை. முதல் சந்திப்பு வீணாய்ப் போவது பெரும்பாலும் இதனாலேயே.

சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூர்த் தாய் ஒருவருடன் நாமே பாரிமுனைக்குச் சென்றிருந்தோம். மகன் விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டவர். வழக்கறிஞர் அம்மையார் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள்?" என்பதுதான். தாய் செவ்வாய் என்றார். உடன் வந்த மருமகள் புதன் என்றாள். அரை மணி நேரம் இதிலேயே கழிந்தது. வீண் வாதம் என்று நமக்குத் தோன்றியது. ஆனால் அந்த ஒரு நாளில்தான் வழக்கின் உயிரே இருந்தது. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. செவ்வாய் இரவு என்றால் சட்டம் மீறப்பட்டது. புதன் இரவு என்றால் இல்லை. கடைசியில் மருமகளின் கைப்பேசியே சாட்சி சொல்லிற்று. அன்றிரவு அழுதுகொண்டே அவள் தன் அண்ணனை அழைத்த நேரம் அதில் பதிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை, இரவு 11.40.

ஆகவே, எதற்கும் முன்னதாக ஒரு தாளை எடுத்து, நடந்தவற்றை நாள்வாரியாக எழுதுங்கள். இடப்பக்கம் தேதியும் நேரமும். வலப்பக்கம் நடந்தது, இருந்தவர், பார்த்தவர். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதவேண்டும். நினைவில் இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டா, வெற்றிடமாகவே விடலாம். தமிழிலேயே எழுதுங்கள், வழக்கறிஞருக்காக ஆங்கிலம் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்குள் அடங்கினால் நன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பங்கின் இளைஞர் எவரேனும் எழுதித் தரலாம். எழுதியபின் உரக்கப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளவேண்டும்.

கண்ணால் கண்டதற்கு எத்தகைய வலிமை உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1993 மார்ச் மாதம், விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்னும் ஏழைத் தொழிலாளி, திருட்டு விசாரணை என்று கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். பின்னர், அவர் தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. அவருடைய மனைவியோ, கணவர் நிலையத்தில் அடிபட்டதைத் தம் கண்ணால் கண்டவர். நியாயம் தேடிய அவர்தம் வழக்கை எடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தவர் வழக்கறிஞர் கே. சந்துரு, பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானவர். தப்பியோடியதாகச் சொல்லப்பட்டவரின் உடல் மீன்சுருட்டிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியதே. திரையில் மூன்று மணிக்குள் முடிந்தது, வாழ்வில் 13 ஆண்டுகள் பிடித்தது என்பதையும் நம் குடும்பங்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

அவ்வம்மையாரின் ஊரிலிருந்து சென்னை நெடுந்தொலைவு. நமக்கோ உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம். எண்ணூரிலிருந்து மின்சார ரயிலில் வந்தால் கடற்கரை நிலையம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் உயர் நீதிமன்ற நிலையத்திலேயே இறங்கலாம். தொலைவு நம்மைத் தடுப்பதில்லை. அச்சமும் ஆயத்தமின்மையுமே தடுக்கின்றன.

இனி, காகிதங்கள். புகார் கொடுத்திருந்தால் அதன் நகலும் நிலையத்தில் தந்த ரசீதும் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது சட்டம். கைதாகியிருந்தால் கைதுக் குறிப்பாணை. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, அதில் குடும்பத்தினர் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திடவேண்டும். உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களா, வாங்கியபோது அதில் நேரம் எழுதியிருந்ததா என்பதை வழக்கறிஞர் நிச்சயம் கேட்பார். காயம் பட்டு ஸ்டான்லி மருத்துவமனையில் காட்டியிருந்தால், புறநோயாளிச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் குப்பையில் எறியாதீர்கள். மருத்துவர் கேட்டபோது பயந்து "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால், அதையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். மூலப்பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். நகல்களைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

காலங்கடத்தினால் அழிந்துபோகும் சான்று ஒன்று உண்டு. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்தவேண்டும், அதன் பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிடில் ஓராண்டேனும் பாதுகாக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கடைத்தெருக் கேமராவுக்கோ அத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. பல கடைகளில் சில நாள்களிலேயே பழைய பதிவின்மேல் புதியது பதிந்துவிடும். ஆதலால் "பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்து மூலம் கேட்கலாமா?" என்பது முதல் நாளிலேயே வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய கேள்வி.

யாரை உடன் அழைத்துச் செல்வது? நம் பகுதியில் இது ஒரு வேடிக்கை. வழக்கறிஞர் அறைக்குத் தெருவே திரண்டு செல்லும்; வட்டச் செயலாளர் ஒருவர் எல்லோருக்கும் முன்பாகப் பேசத் தொடங்குவார்; பாதிக்கப்பட்டவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். நடந்ததைக் கண்டவர் ஒருவரும், மனத்தைத் திடமாக வைத்திருக்கக்கூடிய உறவினர் ஒருவரும் போதும். ஊரார் கூடியிருக்கையில் எவர்தாம் முழு உண்மையைச் சொல்வர்?

முழு உண்மை என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகன்மேல் பழைய வழக்கு இருந்திருக்கலாம். அன்று அவன் குடித்திருக்கலாம். கைகலப்பில் அவனும் அடித்திருக்கலாம். வெட்கத்தால் இவற்றை மறைப்பது தாய்மனம். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து சொல்லும்போதுதான் நம் வழக்கறிஞருக்குத் தெரியவந்தால், வழக்கு அவ்விடத்திலேயே சாய்ந்துவிடும். தொழில் முறையில் தம்மிடம் சொல்லப்பட்டதைக் கட்சிக்காரரின் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது என்று சாட்சியச் சட்டமே கூறுகிறது. இனிச் செய்யப்போகும் குற்றத்திற்குத் துணை கேட்டால் மட்டும் இப்பாதுகாப்பு இல்லை. குடித்திருந்தவனையும் அடிக்கக் காவலருக்கு உரிமை கிடையாது என்பதால், மறைக்கவேண்டிய தேவையும் இல்லை.

எல்லா வழக்கறிஞரும் எல்லா வழக்கையும் நடத்துவதில்லை. நிலப்பத்திரம் பார்ப்பதில் வல்லவரிடம் ஆட்கொணர்வு மனுவுக்குப் போவது பொருந்தாது. "ஐயா, இத்தகைய வழக்கை முன்பு நடத்தியிருக்கிறீர்களா? நீங்களே நீதிமன்றத்தில் நிற்பீர்களா, இளையவரை அனுப்புவீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. எந்த வாசலைத் தட்டுவது, அதற்கு எத்தனை நாள் கெடு என்றும் கேட்கவேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் செய்யவேண்டும்.

எண்ணூர் மக்கள் இந்தக் கெடுவைக் குறித்துத் தனியே அறியவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் பரவி, படகும் வலையும் கருத்துப்போயின. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதமும், 787 படகுகளைச் சீர்செய்யப் படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதமும் நிவாரணம் அறிவித்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினர். இரண்டையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. நிவாரணப் பணம் வேறு, இழப்பீடு வேறு. இழப்பீட்டுக்கு அத்தீர்ப்பாயத்தை நாட 5 ஆண்டுக் கெடு. சுற்றுச்சூழல் பற்றிய பிற வழக்குகளுக்கு 6 மாதமே. படகின் பதிவுச் சான்று, கறைபட்ட வலையின் தேதியிட்ட படம், கடலுக்குப் போகாத நாள்களின் கணக்கு இவற்றைச் சேர்த்து வைத்திருப்பவர் எத்தனை பேர்?

கட்டணம் பற்றிப் பேசக் கூசவேண்டா. எவ்வளவு, எத்தனை தவணை, நீதிமன்றச் செலவு தனியா என்று முதல் நாளே தெளிவாகக் கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது பெறுங்கள். வெற்றி பெற்றால் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேரம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். வக்காலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பணமே இல்லையென்றால்? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியலினத்தார் பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், காவலில் இருப்போருக்கும், வெள்ளம், தொழிற்சாலை விபத்து போன்றவற்றால் நலிவுற்றோருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நம் பங்குகளில் இப்பட்டியலுக்கு வெளியே நிற்பவர் மிகச் சிலரே. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள அலுவலகத்திற்கு நேரிலும் செல்லலாம். மகனுக்காகச் செல்லும் தாய், மகன் காவலில் இருப்பதை முதலிலேயே சொல்லவேண்டும். உதவி பெற அதுவே தகுதி.

வழக்கறிஞர்பால் நம்பிக்கை குன்றினால் மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு. கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைத் தர மறுக்கலாகாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நாம் உடன் சென்ற அந்தத் தாய்க்கு அப்படியொரு நிலை நேரவில்லை. வீடு திரும்பும் வழியில் ரயிலிலேயே மருமகள் அம்மையார் சொன்னவற்றையும் அடுத்த தேதியையும் ஒரு பள்ளி நோட்டில் குறித்துக்கொண்டாள். அதன் முதல் வரி, 'செவ்வாய், இரவு 11.40' என்றிருந்தது.