மீன் கண்ணிலிருக்கும் வெள்ளை உருண்டை

மீன் தலையை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வெள்ளை உருண்டையைத் தெரியும். கண்ணைச் சுற்றியுள்ள கொழகொழப்பை உறிஞ்சிவிட்டுக் கடைசியில் துப்புவோமே, பட்டாணி அளவில், சுண்ணாம்பாய் வெளுத்து, கல் போலக் கெட்டியாக. அதுதான் மீனின் கண் லென்ஸ். குழம்புச் சட்டியில் விழும்வரை அது கண்ணாடிக் கோலி போலத் தெளிவாக இருந்தது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுக்கிறதல்லவா, அதே கதைதான். சூடு பட்டதும் புரதங்கள் தம் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டன.

மனிதருக்கு வரும் கண்புரையும் இத்தகைய திரளல்தான். அடுப்பு இல்லை, பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல நடக்கிறது. வயதானால் புரை விழுவதில் எனக்கு வியப்பில்லை. ஐம்பது, அறுபது வருடம் விழாமல் இருக்கிறதே, அதுதான் வியப்பு.

ஏனென்றால் லென்ஸின் நிலைமை அப்படி. மனித லென்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம். கிரிஸ்டலின் என்று பெயர். லென்ஸின் செல்கள் முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தாமே அழித்துவிடுகின்றன. அவை இருந்தால் ஒளி சிதறும். உட்கரு போனபின் புதுப் புரதம் செய்ய வழியில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது லென்ஸின் நடுவில் உருவான புரதம்தான் சாகும்வரை. கிரீன்லாந்து சுறாவின் வயதைக் கணித்ததே இதை வைத்துத்தான். 28 சுறாக்களின் லென்ஸ் மையத்தில் கதிரியக்கக் கார்பன் அளவை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆகப் பெரிய சுறாவுக்கு வயது ஏறத்தாழ 392. கணக்கில் 120 வருடம் முன்பின் ஆகலாம். குறைத்தே வைத்துக்கொண்டாலும் 272 வருடமாக மாற்றப்படாத புரதம்!

இவ்வளவு கடினமான வேலைக்குப் பரிணாமம் தனியாக ஒரு புரதத்தை வார்த்தெடுத்திருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி நடக்கவில்லை. 1987இல் வாத்துக் கண்ணின் எப்சிலான் கிரிஸ்டலினை ஆராய்ந்த கிரீம் விஸ்டோ, வில்ஃப்ரைட் டி யோங் குழுவினர் அது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்று கண்டார்கள். இதயத்திலும் தசையிலும் அன்றாட வேலை பார்க்கும் சாதாரண என்சைம் அது. ஒத்த சாயல் என்பதோடு நிற்கவில்லை, ஜீனே ஒன்றுதான். உடம்பில் வேதிவினைக்கு உதவுவதும், கண்ணில் ஒளியை வளைப்பதும் அதே புரதம். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கோழியின் லென்ஸில் ஓர் என்சைம், கணவாயின் லென்ஸில் நச்சு நீக்கும் என்சைமின் உறவுகள், ஒட்டகத்துக்கும் கினிப்பன்றிக்கும் வேறொன்று. நன்றாகக் கரையும், எளிதில் குலையாது என்றால் போதும். எந்தத் துறையில் இருந்த புரதமாக இருந்தாலும் கண்ணுக்கு இழுத்துக்கொள்ளப்பட்டது.

ஆனால் முதுகெலும்புள்ள விலங்குகள் எல்லாவற்றின் லென்ஸிலும் இருக்கும் ஆல்ஃபா கிரிஸ்டலின்தான் என் மனத்தைத் தொட்டது. 1982இல் பழ ஈயின் சில புரதங்களோடு அதற்கு உறவு இருப்பது தெரிந்தது. அவை, வெப்பம் தாக்கும்போது செல்லைக் காக்க உற்பத்தியாகும் புரதங்கள். பத்து வருடம் கழித்து, 1992இல், ஜோசப் ஹார்விட்ஸ் சோதனைக் குழாயில் மற்றப் புரதங்களோடு ஆல்ஃபாவைச் சேர்த்துச் சூடேற்றினார். அவை திரளவில்லை. குலையத் தொடங்கும் புரதத்தை ஆல்ஃபா பிடித்துக்கொள்கிறது. அதைப் பழையபடி சரிசெய்ய அதனால் முடியாது. அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் தாங்கிப் பிடித்து நிற்கும், அவ்வளவுதான். சூட்டிலிருந்து செல்லைக் காத்த பழைய காவலாளி, இங்கே பார்வைக்குக் காவல் நிற்கிறது. ஆனால் கையிருப்பு அளவானது. நடுவயதுக்குள் லென்ஸின் மையத்தில் கரைந்த நிலையிலிருக்கும் ஆல்ஃபா பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் குலையும் புரதங்களைத் தாங்க ஆளில்லை.

லென்ஸிலுள்ள இன்னொரு புரதமான காமா கிரிஸ்டலினின் காவல் வேறு மாதிரி. புற ஊதாக் கதிர் பட்டால் அந்த ஆற்றலைக் கண்ணிமைப்பதற்கும் வெகு முன்பே வெப்பமாக்கிக் கழித்துவிடும் அமைப்பு அதற்குள் இருக்கிறது. அதற்குக் குளிர்தான் ஆகாது. பசுவின் லென்ஸை 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தாலே மங்கிவிடும். சூடேற்றினால் மீண்டும் தெளியும். அண்டார்க்டிக் கடலில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரியில் வாழும் டூத்ஃபிஷ் மீனுக்கோ அந்தக் குளிரிலும் லென்ஸ் பளிங்காகவே இருக்கிறது.

இந்தக் காமாவின் வேர் எங்கே? பாறையில் ஒட்டி வாழும் கடற்பீச்சி என்ற விலங்கு, முதுகெலும்பிகளுக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு லென்ஸே கிடையாது. ஆனாலும் காமாவுக்கு உறவான கிரிஸ்டலின் ஜீன் ஒன்று இருக்கிறது. அந்த ஜீனை இயக்கும் சுவிட்சைத் தனியாக எடுத்து, அது வேலை செய்யும் இடத்தை அடையாளம் காட்டும் ஜீனோடு இணைத்துத் தவளைக் கருவில் வைத்துப் பார்த்தார்கள்; 2005இல் முடிவு வெளிவந்தது. லென்ஸையே அறியாத விலங்கின் சுவிட்சு, தவளைக் குஞ்சின் லென்ஸில் வேலை செய்தது.