உங்களுக்குத் தெரியுமா? கார் பந்தயத்தை ஆட்டிவைத்தவர்கள்

கூரைக்கு அடியிலும் கார் பந்தயம் நடக்கும். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், நடுவே ஒரு தூண்கூட இல்லாத கண்காட்சி அரங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் அதற்குள் களிமண்ணைக் கொட்டிக் கால் மைல் ஓடுதளம் போட்டுவிடுவார்கள். 1987-இல் இந்த ‘சில்லி பவுல்’ போட்டியைத் தொடங்கியவர்கள் எம்மெட் ஹான், லானி எட்வர்ட்ஸ். ஹான் தானே பந்தயம் ஓட்டியவர். ஓடுபவை ‘மிட்ஜெட்’ எனும் குட்டி ரேஸ் கார்கள். பெயரில் மிளகாய் வாடை அடிப்பதற்குக் காரணம், ஸ்பான்சராக வந்த உணவு நிறுவனம்!

ஷோரூம் கார் சாயலில் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்துக்கு வருவோம். அங்கே ராஜ்ஜியம் ஒரே குடும்பத்துடையது. 1936-இல் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் நடந்த பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தவர் பில் பிரான்ஸ், பெட்ரோல் பங்க் நடத்தியவர். அந்தப் பந்தயத்தில் நகராட்சிக்கு 22,000 டாலர் நஷ்டம். பிரான்ஸ் பயந்து ஒதுங்கவில்லை. இரண்டே வருடத்தில் அதே மணலில் தானே பந்தயம் நடத்த இறங்கினார்.

1947 டிசம்பர் 14. டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் மொட்டைமாடி பாரில் முப்பது சொச்சம் பேரைக் கூட்டினார் பிரான்ஸ். ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் ‘நாஸ்கார்’ அமைப்பு பிறந்த இடம் அதுதான். பெயர் சொன்னவர் ரெட் வோக்ட், அட்லான்டாவிலிருந்து வந்த மெக்கானிக். கணக்கும் கல்லாவும்? பிரான்ஸின் மனைவி ஆன் கையில்.

1949 ஜூன் 19, சார்லட் நகரம். ஷோரூம் கார்களுக்கென்றே நாஸ்கார் நடத்திய முதல் பந்தயம். க்ளென் டன்னவே என்பவர் ஃபோர்டு காரில், இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பரை மூன்று சுற்று பின்தள்ளி ஜெயித்தார். பந்தயம் முடிந்து காரைச் சோதித்தால், பின் ஸ்பிரிங்கில் கைவரிசை. கள்ளச்சாராயம் கடத்துபவர்கள், சரக்கு ஏற்றினாலும் கார் ஆட்டம் காணாதிருக்கச் செய்யும் வேலை அது. வெற்றி பறிபோய் ரோப்பருக்குப் போனது. கார் முதலாளி 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட, நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். விதி போடுவது நாஸ்கார்தான் என்பது அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

1959-இல் முதல் ‘டேடோனா 500’. மூன்று கார்கள் தோளோடு தோள் உரசியபடி கோட்டைத் தாண்டின. அதில் ஒன்று சுற்றில் பின்தங்கிய கார் வேறு. ஜெயித்தது ஜானி போசாம்ப் என்றார்கள். புகைப்படம், நியூஸ்ரீல் எல்லாம் வரவழைத்துப் பார்த்து, 61 மணி நேரம் கழித்து லீ பெட்டிதான் வென்றவர் என்று மாற்றினார் பிரான்ஸ்.

தொழிற்சங்கம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. 1961-இல் ஓட்டுநர் கர்ட்டிஸ் டர்னர், கடனில் தத்தளித்த சார்லட் ரேஸ் மைதானத்துக்குப் பணம் தேடி டீம்ஸ்டர்ஸ் சங்கத்திடம் போனார். பதிலுக்கு ஓட்டுநர்களைச் சங்கத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. பிரான்ஸ் போட்டது ஆயுள் தடை! ஆனால் 1965-இல் கிரைஸ்லர் கார் நிறுவனம் கோபித்துக்கொண்டு ஒதுங்க, டிக்கெட் விற்பனை படுத்தது. ஆயுள் தடை நாலே வருடத்தில் ரத்து. திரும்பி வந்த டர்னர் அந்த அக்டோபரிலேயே ராக்கிங்ஹாமில் ஜெயித்தும் காட்டினார்.

டல்லடேகா மைதானம், 1969 செப்டம்பர். புதுத் தளத்தில் டயர்கள் கிழிந்து தொங்கின. “உயிருக்கு உத்தரவாதம் இல்லை” என்று ரிச்சர்ட் பெட்டி தலைமையில் முன்னணி ஓட்டுநர்கள் மூட்டை கட்டினார்கள். 59 வயது பிரான்ஸ் தானே ஒரு காரில் ஏறி மணிக்கு 175 மைல் வேகத்தில் சுற்றிக் காட்டியும் யாரும் மசியவில்லை. (டயர் பயம் நியாயமானது, நம் ஓட்டு பெட்டிக்குத்தான்.) கிடைத்த ஆட்களை வைத்துப் பந்தயத்தை முடித்தார் பிரான்ஸ். வென்றவர் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ். அந்த உயர்மட்டத் தொடரில் அவருக்கு வேறு வெற்றியே இல்லை. டிக்கெட் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இன்னொரு பந்தயம் இலவசம்!

பிரான்ஸின் கை பெரிய மைதானங்களோடு நிற்கவில்லை. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் ஊரில் கால்பந்துத் திடலைச் சுற்றியே கால் மைல் ஓடுதளம் உண்டு. பெயர் போமன் கிரே. 1949-லேயே பிரான்ஸும் அவர் கூட்டாளி ஆல்வின் ஹாக்கின்ஸும் அங்கே பந்தயக் கடை விரித்துவிட்டார்கள்.

1972-இல் நாஸ்கார் பொறுப்பு பிரான்ஸின் மகன் பில் ஜூனியருக்கு. 2000-இல் மைக் ஹெல்டன் தலைவரானார், குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஆள். ஆனாலும் 2003-இல் தலைமைச் செயல் அதிகாரி நாற்காலி பேரன் பிரையனுக்கே போனது. 2018-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக பிரையன் கைதானார். கார் பந்தயத்தின் தலைவரே இப்படி! அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சித்தப்பா ஜிம்.