உதிர்வது வேறு, ஒடிவது வேறு

அடையாறில் நான் நடத்தும் தோல் மருத்துவ கிளினிக்குக்கு, கவரில் முடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். "எல்லாம் கொட்டிப்போச்சு டாக்டர்" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் விரல் நீளத் துண்டுகள். வேரோடு உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் தெரியும். அது இல்லையென்றால் முடி நடுவில் ஒடிந்திருக்கிறது. உதிர்வதற்குக் காரணம் உடம்புக்குள் இருக்கலாம். ஒடிவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான்.

மாத்திரையும் வெங்காயச் சாறும்

என்னிடம் வருவதற்குள் மாதக்கணக்கில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு பயோட்டின் குறைபாடு மிக அரிது. மாறாக, அதிக அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. யாரைக் கேட்டு வாங்கினீர்கள் என்றால் பதில் இருக்காது.

வெங்காயச் சாறு, எலுமிச்சையோடு சமையல் சோடா என்று தேய்த்து, மண்டை எரிந்து சிவந்தபின் வருகிறவர்களும் உண்டு. ஒடிந்த முடியை ஒட்டவைக்கும் சாறு எதுவும் கிடையாது. பிளந்த நுனியை வெட்டத்தான் வேண்டும்.

அடுத்த பழி போர் தண்ணீர் மேல். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், உண்மைதான். அந்தத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். ஷாம்பூ அப்படி ஒட்டாது. ஆனால் அந்தச் சிக்கை ஈரத்தோடு வெடுக் வெடுக்கென்று இழுப்பது தண்ணீர் இல்லையே!

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாட்டி சொன்னது சரி. குளிக்கும் முன் தடவினால் முடியின் புரத இழப்பு குறைகிறது என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சூரியகாந்தி எண்ணெயில் அந்தப் பலன் இல்லை. தடவினால் போதும், உள்ளங்கையால் பரபரவென்று தேய்க்காதீர்கள்.

பார்லர் சூடு

ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்துக் குமிழாகி, அந்த இடத்தில் முடி முறியும். முடியை நேராக்க 'கெரட்டின்' என்ற பெயரில் பூசும் சில கிரீம்களிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்பும். கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த கிரீமால் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பூசும்போது கண் எரிந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

பரிசோதனை

முடி வேரோடு கொட்டினால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு அளவுகளைப் பாருங்கள்.

தயவுசெய்து கேளுங்கள்

ஈரத்தில் முடி அதிகம் நீளும், எளிதில் அறும். துண்டால் அடித்துத் தட்டாதீர்கள், ஒற்றி எடுங்கள். ஈரத்தலையைக் கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டாதீர்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு நிமிட அவசரத்தில் ஒடிவது பல மாத வளர்ச்சி.

அம்மாக்களிடம் ஒன்று. கலாக்ஷேத்ரா பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இங்கே பரதம் கற்கும் பிள்ளைகள் அதிகம். பள்ளிக்கு இறுக்கி மடித்த இரட்டைப் பின்னல், மாலையில் சவுரி, ஊசி. நெற்றியோரம் வலிக்கிறது என்றாலோ, பொடிப் பொடியாகக் கொப்புளம் தெரிந்தாலோ அன்றே தளர்த்திவிடுங்கள். ஆரம்பத்திலேயே தளர்த்தினால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுபட்டு வேர் தழும்பாகிவிட்டால் என்னிடம் அதற்கு மருந்து இல்லை.