ஒளியால் நரம்பறிதல்

தமிழில் நரம்பு என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பு. உடலிற் செய்தி கொண்டு செல்லும் நாரும் நரம்பு. தந்தியை மீட்டினால் ஒலி பிறக்கும். தசைக்குரிய நரம்பைத் தூண்டினால் அத்தசை அசையும். சத்திர சிகிச்சையின்போது நரம்பை ஒளியால் மீட்டி அதன் இடமறியும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியினூடே முகத் தசைகளை இயக்கும் நரம்பு கிளைத்துச் செல்கின்றது. கழுத்திலே தைரொயிட் சுரப்பியின் பின்புறத்தை அடுத்துக் குரல்வளை நரம்பு செல்கின்றது. அவ்விடங்களிற் கட்டியொன்றை அகற்றும்போது கத்தி சிறிது பிசகினும் நோயாளியின் முறுவல் கோணும். அன்றேற் குரல் கம்மிப்போம். குருதியும் கொழுப்பும் சூழ்ந்தவிடத்து நூல் போன்ற நரம்பைக் கண்ணால் மாத்திரம் தெளிதல் அரிது. நோய் நீங்கியும் பேச்சுக் குன்றுமாயின் நோயாளியின் மகிழ்ச்சி நிறைவுபெறுமோ?

தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்கச் செய்த வரலாற்றை இத்தாலிய அறிஞர் கல்வானி 1791 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வுண்மையைத் தழுவி, சத்திர வைத்தியர் நுண்ணிய மின்முனையால் இழையத்தைத் தொடுவர். தசை துடிப்பின் நரம்பு அண்மையிலுண்டென அறிந்து விலகுவர். இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. ஆயின் மின்சாரம் ஈரமான இழையங்களிற் பரந்து, அயலிலுள்ள நரம்பையும் எழுப்பிவிடும். ஒருவனை அழைக்கத் தெருவெல்லாம் விழித்தெழுவதை ஒத்தது இது.

1960 ஆம் ஆண்டில் மெய்மன் என்பார் கலிபோணியாவிலே செயற்கை மாணிக்கக் கோலைக்கொண்டு முதலாவது இலேசரை இயக்கினார். 2005 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வன்டபில்ட் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர், கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் இலேசர்த் துடிப்புக்களை எலியின் தொடை நரம்பிற் பாய்ச்சித் தசையை அசையச் செய்தமையை வெளியிட்டனர். நரம்பை எப்பொருளும் தொடவில்லை. ஒளி பட்ட நார்களே விழித்தன.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? இழையத்திலுள்ள நீர் அக்கதிரை உறிஞ்சிச் செக்கனின் சிறு பின்னத்துள் வெப்பமடைகின்றது. அத்திடீர் வெப்பத்தால் நரம்புக் கலத்து மென்றகட்டின் மின்னிலை மாற, நரம்பிற் செய்தி எழுகின்றது. ஒளி ஒரு மில்லிமீற்றரளவுங்கூட ஆழ்ந்து செல்லாமையால், அயல் நரம்புகள் பெரும்பாலும் அமைதியாயிருக்கும்.

ஆயினும் விழிப்பூட்டும் வெப்பமே மிகுந்தால் நரம்பைச் சுட்டுவிடும். ஆதலின் மனிதரிடத்து ஆராய்ந்தோர் பெரிதும் எச்சரிக்கையாயிருந்தனர். தசை விறைப்பைத் தணிக்கும் பொருட்டு முள்ளந்தண்டு நரம்பு வேர்கள் சிலவற்றை அறுக்கும் சிகிச்சையொன்றுண்டு. அவ்வாறு அறுக்கப்படவிருந்த வேர்களிலேயே ஒளியைச் செலுத்தினர். பின்னர் அவற்றை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். ஊறு செய்யாது தூண்டவல்ல ஓர் அளவு உண்டென 2015 இல் அறிவித்தனர். தூண்டும் அளவுக்கும் சுடும் அளவுக்கும் இடைவெளி குறுகியதே. அதனால் இம்முறை இன்னும் எங்கும் வழக்காகவில்லை.

பௌதிகமும் உயிரியலும் வைத்தியமும் கைகோத்தவிடத்துப் பிறந்தது இவ்வாராய்ச்சி. நம் மாணவரும் ஒரு பாடத்தை மற்றொன்றுக்கு அயலென எண்ணாது கற்பாராக.