எண்ணெய் வந்த பிறகே சாவி
மீண்டும் ஒரு ஹெரால்டு – 9

சென்ற வாரம் எஞ்சினின் அடியில் எண்ணெய்ச் சேம்பரைப் பூட்டி எஞ்சினை வண்டிக்குள் இறக்கினோம். ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். புது எண்ணெய் ஊற்றியாயிற்று, பேட்டரியும் தயார். ஆனாலும் சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

சேம்பரில் எண்ணெய் இருப்பது வேறு. பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்வது வேறு. தினமும் ஓடும் எஞ்சினில் நேற்றைய எண்ணெய் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். கழுவிக் கோத்த எஞ்சினில் பம்ப், ஃபில்டர், எண்ணெய் வழிகள் எல்லாமே காலி. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது ஓரிரு தௌ இடுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அங்கே எண்ணெய்ப் படலம் நிற்கும்வரை உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. படலம் இல்லாமல் ஓடினால், மாதக்கணக்கில் செய்த வேலை சில நொடிகளில் கீறலாகிவிடும்.

இந்த எஞ்சின் குடும்பம் 1953-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சி.சி.யில் பிறந்தது. 948 சி.சி.யாக வளர்ந்து, 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்டுக்குள் வந்தது. நான்கு சிலிண்டர்களின் உதையையும் தாங்க மூன்றே மெயின் பேரிங்குகள். அவற்றைப் பட்டினி போடக் கூடாது.

நல்ல வேளையாக, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டுதான் இதில் எண்ணெய் பம்பையும் சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் கியரையும் வெளியே எடுத்துவிட்டால், அந்தத் துளை வழியாகப் பம்பை எட்டலாம். பம்ப் தண்டைக் கவ்வும்படி ஒரு கம்பியின் நுனியை ராவி, மறுமுனையை டிரில்லில் மாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றும் திசையிலேயே, வேகம் குறைத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் பம்ப் எண்ணெயை இழுக்காது.

அதற்கு முன் இன்னொரு வேலை. ஹெரால்டின் டேஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு சிறு விளக்கு மட்டுமே உண்டு. பத்து பி.எஸ்.ஐ.கூட ஏறாத நிலையிலேயே அது அணைந்துவிடும். முன்பொரு முறை அந்த விளக்கை நம்பி ஓட்டி, பேரிங் தேய்ந்து எஞ்சினைத் திரும்ப இறக்கியிருக்கிறேன். அதனால் இப்போது விளக்கின் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டர் மாட்டுகிறேன்.

டிரில்லை அழுத்தினேன். முதலில் லேசாகச் சுற்றியது, காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதன் சத்தம் கனத்து, கையில் முறுக்கு ஏறியது. முள் 20, 30 என்று எழும்பி 45-ல் நின்றது. சூடான எஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை காட்ட வேண்டும். அந்தச் சோதனை பிறகு வரும்.

முள் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பம்ப் காற்றைப் பிடித்திருக்கலாம். ஃபில்டர் வாஷர் சரியாக உட்காராமல் இருக்கலாம். ரிலீஃப் வால்வு திறந்தே சிக்கியிருக்கலாம். கழுவும்போது கழற்றிய எண்ணெய் வழி அடைப்பான் ஒன்றைத் திரும்பப் பூட்ட மறந்திருக்கலாம். இவை எல்லாவற்றையும் எஞ்சின் கிளம்பும் முன்பே சரிசெய்துவிடலாம்.

அழுத்தம் வந்ததோடு வேலை முடியவில்லை. ராக்கர்களுக்கு எண்ணெய் கேம் தண்டின் பின் பேரிங் வழியாக, கடைசியில்தான் ஏறுகிறது. அதுவும் கேம் சரியான இடத்தில் நிற்கும்போது மட்டுமே. பிளக்குகளைக் கழற்றிவைத்து, கிராங்கைக் கால் சுற்று திருப்புவதும் டிரில்லை ஓட்டுவதுமாக மாறி மாறிச் செய்தோம். டேப்பட் கவர் திறந்தே இருந்தது. பின்பக்க ராக்கர் ஓரத்தில் முதல் துளி அரும்பி வழிந்தது. பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றும் நனைந்தது. எட்டாவதும் நனைந்த பிறகுதான் டிரில்லைக் கீழே வைத்தேன்.

(அடுத்த வாரம்: டைமிங் பூட்டுவோம், செல்ஃப் அடித்து மீட்டரை இன்னொரு முறை பார்ப்போம், அதன் பிறகு சாவி.)