ஏசுவுக்கு எந்த ஊர் முகம்? வண்ணத்தோடு மல்லுக்கட்டிய கிறிஸ்தவ ஓவியர்கள்!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் எந்தக் கிறிஸ்தவர் வீட்டுக்குப் போனாலும் நடுக்கூடத்துச் சுவரில் ஒரு படம் இருக்கும். பொன்னிறத் தலைமுடி, வெள்ளைத் தோல், லேசாக மேலே பார்க்கும் கண்கள். ஏசுநாதர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த முகத்தை வரைந்தது யார்?

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து விளம்பர ஓவியர் ஒருவர்! பெயர் வார்னர் சால்மன். 1924-ல் ஒரு பத்திரிகைக்காகக் கரிக்கோலில் போட்ட படத்தை 1940-ல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அது 50 கோடி பிரதிகளுக்கு மேல் அச்சாகி உலகம் பூராவும் போய்விட்டது என்கிறார்கள். காலண்டர், ஜெபப் புத்தகம், பஸ் டிரைவர் சீட்டுக்கு மேலே என்று நம்ம ஊர் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் தமிழ்நாட்டில் பிறந்த கிறிஸ்தவ ஓவியன் என்ன செய்வான்? சிகாகோ முகத்தையே திரும்ப வரைவானா? தன் தெருவில் நடமாடும் கறுத்த முகத்தை வரைவானா? அப்படி வரைந்தால் கோயில் கமிட்டி ஒத்துக்கொள்ளுமா? வயிற்றுப்பாட்டுக்கு வழி?

இந்தக் கேள்விகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

திருவண்ணாமலைப் பையன்

1932-ல் திருவண்ணாமலையில் ஒரு பையன் பிறந்தான். ஆண்ட்ரூ பீட்டர் சந்தானராஜ். பிற்காலத்தில் ஓவிய உலகம் "ஏ.பி. சந்தானராஜ்" என்று மரியாதையோடு சொன்ன பெயர் இதுதான்.

படித்தது டேனிஷ் மிஷன் பள்ளியில். டென்மார்க் தேசத்து மிஷன் இந்தப் பக்கம் கால் வைத்தது 1860-களில். தென்னாற்காட்டில் ஆரம்பித்து, திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவியது. அதன் வழி வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் கோயில்கள் இருக்கின்றன.

திண்டிவனம் பக்கம் வேறு கதை. அங்கே இருந்தது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் தகப்பனார் ஊழியம் செய்த ஊர் திண்டிவனம். ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து அவர் டாக்டராக முடிவு செய்ததும் இங்கேதான்.

மிஷன்கள் பள்ளிக்கூடம் கொடுத்தன, ஆஸ்பத்திரி கொடுத்தன. படம் மட்டும் கப்பலில் வந்தது. மரியம்மாளும் சூசையப்பரும் ஐரோப்பிய முகத்தோடுதான் வந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் சந்தானராஜ் தலைமுறை.

எழும்பூர் போகும் வழி

அந்தக் காலத்தில் திருவண்ணாமலையிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போக விழுப்புரம் ஜங்ஷன் ஒரு முக்கிய வழி. காட்பாடி லைன் வண்டி விழுப்புரம் வரும். அங்கே வண்டி மாறினால் திண்டிவனம், செங்கல்பட்டு, எழும்பூர். எழும்பூரில் இறங்கினால் ஓவியப் பள்ளி எட்டிப் பிடிக்கும் தூரம்.

1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய பள்ளி அது. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம் சொல்லிக் கொடுத்த இடம். பிறகு மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்து அதைக் கலைப் பள்ளியாக நிமிர்த்தினார். 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் பொறுப்புக்கு வந்தார்.

சந்தானராஜ் படித்தது இந்த இரண்டு பெரிய ஆட்களின் காலத்தில். மேல்நாட்டைக் காப்பியடிக்காதே, உன் மண்ணில் என்ன இருக்கிறது பார் என்பது பணிக்கர் காலத்துப் பேச்சு. அதிலிருந்து பிறந்ததுதான் "மெட்ராஸ் இயக்கம்" என்று இன்றைக்கும் பேசப்படும் ஓவிய அலை. அதன் அடையாளம் கோடு! கோலத்திலும், பழைய சிற்பத்திலும், சுவடியிலும் இருந்த கோட்டைப் புதுசாக எடுத்துப் போட்டார்கள்.

அந்தக் கோட்டில் சந்தானராஜ் கில்லாடி. கிராமத்துப் பெண்கள், செடி கொடி, பறவை எல்லாம் அவர் கையில் நெளிந்து வளைந்து வந்தன. மேலே வண்ணத்தைச் சுரண்டி, கீறி, சுவர் மாதிரி ஒரு சொரசொரப்பு கொண்டுவருவார். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினால்கூடப் படம் தெரியும் போல இருக்கும்.

படித்த பள்ளியிலேயே வாத்தியாரானார். அது கல்லூரியான பிறகு 1985-லிருந்து 1990 வரை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாவட்டத்து மிஷன் பள்ளிப் பையன், ராய் சௌத்ரியும் பணிக்கரும் உட்கார்ந்த அதே நாற்காலியில்! 2009-ல் காலமானார்.

சம்பளமா, சித்திரமா?

சந்தானராஜுக்கு அரசாங்கச் சம்பளம் இருந்தது. எல்லோருக்கும் அது கிடைத்ததா?

1960-களில் சென்னையில் நவீன ஓவியம் வாங்க ஆள் கிடையாது. கஷ்டம் தாங்காமல் ஓவியர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைத்தார்கள். காலையில் பாத்திக், சாயங்காலம் சித்திரம் என்று ஓடிய பிழைப்பு.

சென்னையிலேயே இந்த நிலை என்றால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கேட்கவே வேண்டாம்.

பிறந்த மதம் வேறு, வரைந்த முகம் ஏசு

இங்கே ஒரு வேடிக்கை. அந்தக் கல்லூரியில் ஏசுவை எடுத்துச் செய்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல. பணிக்கர் பைபிள் காட்சிகளை வரைந்தார். சிற்பி எஸ். தனபால் ஏசுவை வெண்கலத்தில் வார்த்தார். அதே தனபால்தான் பெரியார் சிலையும் செய்தார்! சிலுவையில் தொங்கும் மனிதனின் துன்பம் யார் வீட்டுத் துன்பமும்தான் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

அவர்களிடம் பாடம் கேட்டவர் அல்போன்ஸோ அருள்தாஸ். 1939-ல் பெங்களூரில் பிறந்த கிறிஸ்தவர். சென்னைக்கு வந்து படித்து, அங்கேயே வாத்தியாராகி, 1990-களில் அவரும் அந்தக் கல்லூரி முதல்வரானார். அவர் படங்களில் கிறிஸ்து திரும்பத் திரும்ப வருவார். உள்ளேயிருந்து விளக்கு எரிவது போல வண்ணம் மினுங்கும். சிவனும் கிருஷ்ணனும் அவர் தூரிகைக்கு அந்நியமில்லை.

புடவை கட்டிய மாதா

சாமிக்கு நம்ம ஊர் முகம் கொடுத்தால் ஜனங்கள் ஒத்துக்கொள்வார்களா என்ற பயம் சும்மா வந்ததல்ல.

கோவாவில் பிறந்த ஏஞ்சலோ ட ஃபொன்சேகா (1902–1967) டாக்டர் படிப்பை விட்டுவிட்டு சாந்திநிகேதன் போய் ஓவியம் கற்றவர். மாதாவுக்குப் புடவை கட்டி, இந்தியப் பெண்ணாக வரைந்தார். கோவாவில் எதிர்ப்பு கிளம்பிவிட்டது. மனுஷன் ஊரை விட்டே கிளம்பி, பூனாவில் ஒரு கிறிஸ்தவ ஆசிரமத்தில் இருந்து கடைசிவரை வரைந்தார். செத்த பிறகு காலம் மாறியது. இன்று அதே கோவாவில் அவர் படங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு ஜனங்களுக்கு இது புதுசா என்ன? வேளாங்கண்ணி மாதாவைப் புடவையில் பார்த்துப் பழகிய கண்கள்தானே நம்முடையவை.

அதற்கும் நம்ம பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. உளுந்தூர்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகிற பக்கம் கோணான்குப்பம். "தேம்பாவணி" பாடிய இத்தாலிக்காரர் வீரமாமுனிவர் (1680–1747) அங்கே பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகப் புடவையில் வரைந்து, அந்தப் படத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சிலை செய்துவரச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. இத்தாலிக்காரருக்கு வந்த துணிச்சல் நம்ம ஊர்க் கமிட்டிகளுக்கு வர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது!

அக்ரிலிக் என்ற அவசரக்காரன்

இப்போது இந்தப் பக்கத்துக் கோயில் சுவர்களில் வரைபவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது என்ன சங்கதி?

பழைய எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கு, சில சமயம் வாரக் கணக்கு. டர்பன்டைன் வேண்டும், நாற்றம் வேறு. மெக்சிகோவில் 1930-களிலேயே சுவர் ஓவியர்கள் வெயில் மழைக்குத் தாங்குகிற புது பெயிண்டைத் தேடி அலைந்தார்கள். 1950-களின் நடுவில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

சூட்சுமம் சுலபம். வண்ணப் பொடியும் அக்ரிலிக் பிசினும் தண்ணீரில் கலந்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் பிசின் ஒன்றோடொன்று ஒட்டி, ரப்பர் மாதிரி ஒரு தோலாகிவிடும். அதன் பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஒரே நாளில் மேலே மேலே நாலு கோட்டு போடலாம்.

ஆனால் சித்திரை வெயிலில் இதே குணம் சத்ருவாகிவிடும். தட்டில் பிழிந்த வண்ணம் தொடுவதற்குள் காய்ந்து போகும். முகத்தில் நிழலையும் வெளிச்சத்தையும் குழைக்க நேரமே கிடைக்காது. அதனால் தண்ணீர் தெளித்துத் தெளித்து வேலை செய்கிறார்கள். பிரஷை அலம்ப மறந்தால் போச்சு, கல்லாகிவிடும். காய்ந்ததும் நிறம் ஒரு பிடி கறுக்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் முகத்துக்கு நிறம் கலக்க வேண்டும்.

சுவரும் சும்மா இருக்காது. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்தால் எந்த வண்ணமானாலும் உரிந்து விழும். சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, சாரம் கட்டி ஏறுவதற்குள் பாதிக் கூலி போய்விடும்.

ஃபிளெக்ஸ் வந்தது, கூலி போனது

சிற்றூர் கிறிஸ்தவ ஓவியனின் பிழைப்பு திருநாள் கணக்கில் ஓடும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பெயர் எழுதும் வேலை. டிசம்பரில் குடிலுக்குப் பின்திரை, வானம், பெத்லகேம் ஊர். கோயில் திருவிழாவுக்குத் தேர், சப்பரம், கொடி. இடையில் கடை போர்டு, லாரிக்குப் பின்னால் எழுத்து.

2000-த்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் மத்தியானத்துக்குள் பேனர் ரெடி. போர்டு எழுதியவர்கள் பலர் பெயிண்டிங் கான்ட்ராக்ட், எலெக்ட்ரிக் வேலை என்று கிடைத்ததற்குப் போனார்கள். குடிலுக்குப் பின்னால் இருந்த கைவானமும் பிரிண்ட் வானமாகிவிட்டது. பீடத்துச் சுவரிலும் அதே கதை. கையால் வரைந்த கடைசி இராப்போஜனத்தை அழித்துவிட்டு டைல்ஸில் அச்சடித்த படத்தை ஒட்டுகிறார்கள்.

இந்த மண்ணின் பழைய வண்ணம்

படம் அழிவது இந்த மாவட்டத்துக்குப் புதுசு அல்ல. விழுப்புரம்–திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் கீழ்வாலைப் பாறைகளில் வரலாற்றுக்கு முந்தைய மனிதன் தீட்டிய சிவப்பு உருவங்கள் இருக்கின்றன. பனைமலையில் ராஜசிம்ம பல்லவன் 1,300 வருஷத்துக்கு முன்னால் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலில் பார்வதி ஓவியம் ஒன்று மிஞ்சி நிற்கிறது. குடையின் கீழ் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்று சிவதாண்டவம் பார்க்கிறாள். ஆடிய சிவன் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டார்!

சுண்ணாம்பும் மண் நிறமும் அத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கின்றன. நேற்று வரைந்த கோயில் படங்களோ கமிட்டி மாறினால் போய்விடுகின்றன. யார் வரைந்தார், எந்த வருஷம், எவ்வளவு கூலி என்று ஒரு வரி எழுதி வைப்பவர்கள் குறைவு. சந்தானராஜுக்கும் அல்போன்ஸோவுக்கும் கல்லூரிப் பதிவேடு இருக்கிறது, கண்காட்சிப் புத்தகம் இருக்கிறது. சாரத்தில் ஏறிய ஆளுக்கு ஒரு கையெழுத்துகூட மிஞ்சுவதில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. கோயிலைப் புதுப்பிக்கும் முன் பழைய சுவர்ப் படத்தை ஒரு போட்டோ எடுத்து, வரைந்தவர் பெயரைத் திருச்சபைப் பதிவேட்டில் குறித்து வைக்கலாம். ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதுகிற அதே நோட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போய்விடும்?